பாகிஸ்தானில் நிலைக்காதது எகிப்தில் எப்படி நிலைத்தது? ஸ்குவாஷ் ஒரு நாட்டின் விளையாட்டாவது பற்றி (விவாத இழை)

பின்சுவர் (இழையைத் தொடங்கியவர்)

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் (நான்கு சுவருக்குள் இருவர் ராக்கெட்டால் பந்தை முன்சுவரில் அடித்து ஆடும் ஆட்டம்) உண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில் உறுதியானது. அதற்கு முன் 2012, 2016, 2020 என்று ஒவ்வொரு முறையும் கிட்டப் போய்த் திரும்பி வந்த விளையாட்டு இது. இப்போது எல்லா நாட்டுச் சங்கங்களும் வளர்ச்சித் திட்டம் என்று பேசத் தொடங்கிவிட்டன. அந்தப் பேச்சில் சாம்பியன்களின் பெயர் வருகிறது, கோர்ட்டுகளின் எண்ணிக்கை வருவதில்லை. அதுதான் உறுத்துகிறது.

பாகிஸ்தானின் தேசிய விளையாட்டு ஹாக்கி. எகிப்தில் தெரு முழுக்கக் கால்பந்துதான். இருந்தும் உலகம் ஸ்குவாஷ் என்றால் முதலில் அந்த நாட்டைச் சொன்னது, இப்போது இந்த நாட்டைச் சொல்கிறது. முதலாவதில் ஆட்டம் வற்றிப்போனதும் இரண்டாவதில் பெருகியதும் எதனால்? என் கணிப்பு: நல்ல ஆட்டக்காரர்கள் தினமும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ள வழி இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு தலைமுறையோடு முடியும். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

---

டிராப்ஷாட்

பாகிஸ்தான் பக்கத்தை நான் சொல்கிறேன். இந்தக் கதை பெஷாவரில் ஆரம்பித்தாலும் திருப்பம் பம்பாயில் நடந்தது. ஹாஷிம் கான் பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கிளப்பில் பந்து பொறுக்கிய பையன். கூரை இல்லாத கோர்ட், காலில் செருப்பு கிடையாது. 1944 முதல் 46 வரை பம்பாயில் அகில இந்தியப் போட்டியை மூன்று முறை ஜெயித்தார். அங்கே அவர் தோற்கடித்த அப்துல் பாரி, 1950-ல் இந்தியா சார்பில், அந்நாளில் உலகப் பட்டமாகவே மதிக்கப்பட்ட பிரிட்டிஷ் ஓபன் இறுதிவரை போய் எகிப்தின் மஹ்மூத் கரீமிடம் தோற்றார். "நாம் ஜெயித்த ஆள் அங்கே இறுதிக்குப் போகிறானே" என்ற கணக்குதான் ஹாஷிமை லண்டனுக்கு அனுப்பிவைத்தது. பாகிஸ்தான் விமானப்படை கைகொடுத்தது. 1951 இறுதியில் அதே கரீமை 9-5, 9-0, 9-0 என்று முடித்தார். அப்போதே அவருக்கு வயது முப்பதுகளின் பிற்பகுதி.

அதற்குப் பின் 1963 வரை பிரிட்டிஷ் ஓபன் கோப்பை ஹாஷிமின் உறவு வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை: ஹாஷிம் ஏழு முறை, ரோஷன் ஒரு முறை, ஆஸம் நான்கு முறை, மொஹிபுல்லா ஒரு முறை. பெரும்பாலும் நவாகிலே என்ற ஒரே கிராமத்து வேர். அப்புறம் ரோஷனின் மகன் ஜஹாங்கீர் 1982 முதல் 91 வரை பத்து, ஜான்ஷேர் 1992 முதல் 97 வரை ஆறு. உலக ஓபனில் இருவருக்கும் சேர்த்து 14.

எண்ணிப் பாருங்கள், இதெல்லாம் எத்தனை குடும்பங்களின் சாதனை? கை விரல் போதும். ஜஹாங்கீருக்குப் பயிற்சி கொடுத்த ரஹ்மத் கானும் உறவினர்தான். வீட்டுக்குள் கைமாறிய வித்தை, பொதுவில் ஒரு பயிற்சி முறையாக எழுதப்படவில்லை. ஜான்ஷேர் ஓய்ந்ததும் ஊற்று வற்றியது. ஜூனியர் உலகப் பட்டத்தைப் பாகிஸ்தான் மறுபடி தொட 1986-லிருந்து 2023 வரை, ஹம்ஸா கான் வரும்வரை, 37 வருடம் ஆயிற்று.

---

மஞ்சள்புள்ளி

டிராப்ஷாட் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எகிப்து தன் முதல் உலக ஓபன் பட்டத்தை வாங்கியது எங்கே தெரியுமா? லாகூரில், 2003-ல். அமர் ஷபானா, தியரி லிங்கூவை வென்று. யாருடைய கோட்டையோ அங்கேயே கொடி மாறியது.

எகிப்துக்கு இது முதல் சுற்று அல்ல. அமர் பே 1930களில் தொடர்ந்து ஆறு பிரிட்டிஷ் ஓபன் வென்றவர். கரீம் 1947 முதல் 50 வரை நான்கு. அபு தாலிப் 1964 முதல் 66 வரை மூன்று. அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. நடுவில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

எல்லோரும் சொல்லும் பதில் 1996 அல் அஹ்ராம் போட்டி. கீசா பிரமிடுகளுக்கு முன்னால் நான்கு பக்கமும் கண்ணாடியில் கோர்ட்டை நிறுத்தினார்கள். அஹ்மத் பராடா என்ற இளைஞன் இறுதிவரை போய் ஜான்ஷேரிடம் தோற்றான், நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1999-ல் உலக ஓபன் அதே இடத்துக்கு வந்தது. பராடா மறுபடி இறுதியில் பீட்டர் நிக்கலிடம் தோற்றான். ஆனால் அதே ஆண்டு கெய்ரோவில் எகிப்து உலக அணிப் பட்டத்தை எடுத்தது.

பிரமிடு கோர்ட் பிள்ளைகளைக் கிளப்புக்கு இழுத்து வந்தது, அவ்வளவுதான். வந்தவர்களைத் தக்கவைத்தது வேறு. கெய்ரோவும் அலெக்ஸாண்ட்ரியாவும் சாலையில் மூன்று மணி நேரத் தூரம். நாட்டின் நல்ல ஜூனியர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு ஊர்க் கிளப்புகளில் இருக்கிறார்கள். வார இறுதியில் போட்டி வைத்தால் எல்லோரும் வர முடியும். பதினோரு வயதுப் பிள்ளை பக்கத்துக் கோர்ட்டில் உலகத் தரவரிசையில் இருப்பவர் ஆடுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், சில நாள் அவரோடு ஒரு கேம் ஆடவும் செய்யலாம். ஷபானாவுக்குப் பின் ராமி அஷூர், எல்ஷோர்பகி, அலி ஃபராக், பெண்களில் ரனீம் எல் வெலீலி, நூர் எல் ஷெர்பினி என்று இடைவெளியே இல்லாமல் வந்தது இப்படித்தான். இவர்கள் ஒரே குடும்பமில்லை, கவனியுங்கள்.

---

டின்சத்தம்

கோர்ட் நிறைய இருந்தால் போதும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1960, 70களில் புறநகர்கள் எங்கும் காசு கொடுத்து ஆடும் ஸ்குவாஷ் கூடங்கள். ஹெதர் மெக்கே 1962 முதல் 77 வரை தொடர்ந்து 16 பிரிட்டிஷ் ஓபன். ஜெஃப் ஹன்ட் எட்டு. அந்தக் கூடங்கள் தனியார் நிலத்தில் தனியார் வியாபாரமாக இருந்தன. நிலம் விலை ஏறியதும் கோர்ட்டை இடித்து வேறு கட்டுவதில்தான் லாபம். மூடத் தொடங்கின. ஒரு கோர்ட்டில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் ஆட முடியும். அதே இடத்தில் இருபது உடற்பயிற்சி இயந்திரம் போட்டால் இருபது பேரிடம் சந்தா வாங்கலாம். இந்தக் கணக்கை எந்தச் சாம்பியனாலும் மாற்ற முடியாது.

இங்கிலாந்திலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடந்தது. ஆட்டம் 1830 வாக்கில் ஹாரோ பள்ளியில் பிறந்தது. பள்ளி, பல்கலைக்கழகம், ராணுவம், கிளப் என்ற வரிசையிலேயே பரவியது. பெஷாவருக்கும் கெய்ரோவுக்கும் பம்பாய்க்கும் போனதும் ராணுவத்தோடுதான். யாருடைய நிலத்தில் கோர்ட் நிற்கிறது என்பதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பேசுவது அரைக்கணக்கு.

---

பின்சுவர்

ஒத்துக்கொள்ள வேண்டிய வாதம். அமெரிக்காவையும் இதில் வைக்கலாம். 1904-லேயே தேசியச் சங்கம் வைத்த நாடு. ஆனால் அங்கே கடினப் பந்து, கோர்ட் அகலமும் 5.64 மீட்டர்தான். உலகம் ஆடியது மென்பந்து, 6.40 மீட்டர். உள்ளூரில் எவ்வளவு ஆடினாலும் வெளியே போனால் வேறு ஆட்டம். 1990களில் கல்லூரிகள் மென்பந்துக்கு மாறிய பிறகுதான் வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே குவியத் தொடங்கினார்கள். அலி ஃபராக்கே ஹார்வர்டில் படித்தவர்தான்.

---

மரத்தரை

நிலம் கிடைத்தாலும் கட்டும்போது கெடுப்பவர்கள்தான் அதிகம். பள்ளியோ கிளப்போ கோர்ட் கட்ட யோசிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளளவு நீளம் 9.75 மீ., அகலம் 6.40 மீ., மூலைவிட்டம் 11.66 மீ. இவை பூச்சு முடிந்த சுவருக்கும் பூச்சு முடிந்த சுவருக்கும் இடையே, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டிய அளவுகள். கொத்தனார் செங்கல்லுக்குச் செங்கல் 6.40 வைத்துக் கட்டிவிடுவார். பிறகு இருபக்கமும் பூச்சு ஏறினதும் அகலம் சில சென்டிமீட்டர் போய்விடும், அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பூசுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முன்சுவர் மேல்கோடு 4.57 மீ., பின்சுவர்க் கோடு 2.13 மீ., சர்வீஸ் கோடு 1.78 மீ., டின் (முன்சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டை, அதில் பட்டால் அடி செல்லாது) 48 செ.மீ. தொழில்முறைப் போட்டிக்கு டின் 43 செ.மீ. கோட்டின் தடிமன் 5 செ.மீ. தலைக்கு மேல் 5.64 மீட்டருக்குள் விளக்கோ விசிறியோ உத்தரமோ எதுவும் வரக்கூடாது. பழைய குடோனைக் கோர்ட்டாக மாற்றுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். லாப் (பந்தை உயரத் தூக்கி அடிப்பது) அடிக்கவே இடம் இருக்காது, பிள்ளைகள் லாப் தெரியாமலே வளர்வார்கள்.

சுவர்: சாதாரண சிமென்ட் பூச்சு பந்துக்குத் தாங்கும், ராக்கெட் இடிக்குத் தாங்காது. முன்சுவரின் கீழ்ப்பகுதியும் பின் மூலைகளும் முதலில் உள்ளே பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, அந்தத் துண்டை முழுதாகக் கொத்தி எடுத்து மறுபூச்சு போட வேண்டும். மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் ஆறு மாதத்தில் பலகையாக உதிரும்.

தரை: வெளிர் நிறக் கடின மரம், பலகைகள் பக்கச்சுவருக்கு இணையாக, அடியில் லேசான ஸ்பிரிங். வார்னிஷ் அடிக்கவே கூடாது. பளபளப்புக்காக அடிப்பார்கள், இரண்டு சொட்டு வியர்வை விழுந்தால் முழங்கால் போய்விடும். சுவரோரம் மரம் விரிய இடைவெளி விடாமல் இறுக்கிப் பதித்தால் ஈரமான மாதங்களில் நடுவில் மேடு எழும்பும்.

காற்றோட்டம்: மூடிய அறையில் நான்கு பேர் மாறி மாறி ஆடினால் சுவர் வியர்க்கும். ஈரச்சுவரில் பட்ட பந்து எழும்பாமல் சறுக்கிக் கீழே ஓடும். அப்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டியதுதான். வெளியேற்று விசிறியை மேலேயும் காற்று வரும் வழியைக் கீழேயும் வைப்பது உதவும். பின்சுவருக்குக் கண்ணாடி என்றால் 12 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி. கதவுக் கைப்பிடி உள்பக்கம் சுவரோடு சமமாக அமிழ்ந்திருக்க வேண்டும்.

---

புதுராக்கெட்

ஐயா, இருப்பது ஒரே கோர்ட், ஆடுவதற்கு இருபது பிள்ளைகள் என்றால் எப்படிச் சமாளிப்பது? எந்தப் பந்து வாங்க வேண்டும்? கடையில் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள்.

---

மஞ்சள்புள்ளி

பந்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுப் போவதே தப்பான பந்தால்தான். இரட்டை மஞ்சள் புள்ளி போட்டிப் பந்து: 40 மி.மீ. விட்டம், 24 கிராம். குளிர்ந்திருந்தால் செத்த பந்து, விடாமல் வேகமாக அடித்துச் சூடாக்கினால்தான் எழும்பும். புதிதாக ஆடுபவருக்கு ராலி (பந்து சாகாமல் மாறி மாறி அடிப்பது) மூன்று தடவைக்கு மேல் நிற்காது. அதனால் அவர் பந்தைச் சூடாக்கவும் முடியாது. சூடாகாததால் ராலியும் நிற்காது.

டன்லப்பில் நீலம் சாதாரணப் பந்தைவிட 12% பெரிது, காற்றில் 40% கூடுதல் நேரம் நிற்கும். ஏழு, எட்டு வயதுக்கு அதுதான். சிவப்பு 6% பெரிது, 20% கூடுதல் நேரம். ஒற்றை மஞ்சள் போட்டிப் பந்து அளவேதான், 10% கூடுதல் நேரம். பத்து அடி ராலி சுலபமாக நிற்க ஆரம்பித்தால் அடுத்த பந்துக்கு மாறுங்கள். வெப்பமான இடத்தில் இரட்டை மஞ்சள் சீக்கிரம் சூடேறிவிடும், அதனால் அங்கே அதற்கு மாறுவது கொஞ்சம் முன்னதாகவே நடக்கலாம்.

இருபது பிள்ளைகளில் கோர்ட்டுக்குள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். அதிலும் இரண்டு பேர் மட்டும் அடிப்பார்கள்: முன்னால் நிற்பவர் நேராக நீள டிரைவ், பின்னால் நிற்பவர் பக்கச்சுவரில் பட்டு முன்சுவருக்குப் போகும் போஸ்ட். மற்ற நால்வர் பின்சுவரை ஒட்டி வரிசையில். பின்னாலிருந்து போஸ்ட் அடித்தவர் முன்னால் வருவார், முன்னால் டிரைவ் அடித்தவர் நடுவழியாக வராமல் எதிர்ப்பக்கச் சுவரோரமாகச் சுற்றி வரிசைக்குப் போவார். வரிசையின் முதல் ஆள் பின்னிடத்துக்கு வருவார். வெளியே ஒரு வெறும் சுவர் இருந்தால் 1.78 மீட்டரில் கோடு போட்டு, ஐந்து பேர் ஐந்து பந்தோடு வாலி (தரையில் படுமுன் அடிப்பது) அடிக்கலாம். மீதி ஒன்பது பேர் பந்தில்லாமல் கால் நகர்வு: நடுப்புள்ளியிலிருந்து இருபக்கமும் முன், நடு, பின் என்று ஆறு இடத்துக்கும் போய் வருவது, 30 வினாடி ஓட்டம், 30 வினாடி ஓய்வு, எட்டு முறை. கால் மணிக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள்.

கண்ணாடி கட்டாயம். பாலிகார்பனேட் லென்ஸ் உள்ள ஸ்குவாஷ் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி அல்ல. 40 மி.மீ. பந்து கண்குழிக்குள் அப்படியே நுழையும், டென்னிஸ் பந்து நுழையாது.

---

டின்சத்தம்

பயிற்சி சரி, போட்டி இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். பிரிட்டிஷ் கிளப்புகளை இத்தனை வருடம் தாங்கியது பெட்டி லீக்தான். இருபது பேரைத் திறமை வரிசையில் ஐந்து ஐந்தாக நான்கு பெட்டியாகப் பிரியுங்கள். ஒரு பெட்டிக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை, மாதத்துக்கு பத்து ஆட்டம். நான்கு பெட்டிக்கு 40 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்றால் மாதத்துக்கு 1,600 நிமிடம். ஒரே கோர்ட்டில் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிந்தது. மாதக் கடைசியில் முதல் இருவர் மேலே, கடைசி இருவர் கீழே.

புள்ளி கொடுப்பதில் ஒரு சூட்சுமம். வெற்றிக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் தோற்கப் போகிறவன் ஆட்டத்துக்கே வரமாட்டான். ஜெயித்த ஒவ்வொரு கேமுக்கும் ஒன்று, ஆட வந்ததற்கு ஒன்று, வென்றவருக்குக் கூடுதலாக இரண்டு என்று வையுங்கள். ஆடாமல் விட்ட ஆட்டத்துக்கு இருவருக்கும் பூஜ்யம். இரண்டு ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர் தானாகக் கீழே.

2009-ல் உலக சம்மேளனம் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி, 11 வரை என்று மாற்றியது இந்த லீக்குகளுக்கு வரம். பழைய 9 புள்ளி முறையில் சர்வ் செய்பவருக்கு மட்டும்தான் புள்ளி. 3-3-லேயே இருபது நிமிடம் நிற்கும், அடுத்த ஜோடி வெளியே காத்துக் கிடக்கும்.

---

டிராப்ஷாட்

அந்த மாற்றத்தில் இழப்பும் உண்டு. 8-8 வந்தால் சர்வை எதிர்கொள்பவர் இன்னும் ஒரு புள்ளிக்கா இரண்டு புள்ளிக்கா ஆடுவது என்று தேர்ந்தெடுக்கும் அந்தப் பதற்றம் போனது. மூச்சை வைத்தே எதிரியைத் தேய்த்த ஆட்டமும் குறைந்தது. 43 செ.மீ. டின்னும் சேர்ந்துகொண்டதால் முன்னால் பந்தைச் சாகடிப்பவர்களுக்கு அடித்தது யோகம். எகிப்தியர்களின் எழுச்சியில் இதற்கும் பங்கு உண்டு என்பேன்.

---

நடுக்கோடு

மலேசியாவை யாரும் தொடவில்லையே. நிக்கல் டேவிட் எட்டு உலகப் பட்டம், 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதம் முதலிடம். 1999, 2001 ஜூனியர் உலகப் பட்டங்கள் நாட்டின் பயிற்சித் திட்டத்தில் வந்தவை. அதற்குப் பிறகு அவர் ஆம்ஸ்டர்டாமில் லிஸ் இர்விங்கிடம் போனார். ஒரு கட்டத்துக்கு மேல் நாட்டுக்குள்ளேயே மோத ஆள் கிடைக்காததுதான் இப்படி வெளியே போகவைக்கும். அந்தக் குறை இப்போது குறைந்திருக்கிறது: ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் சிவசங்கரி, எங் இயான் யோ இருவரும் ஒற்றையர் தங்கம், பெண்கள் அணிக்கும் தங்கம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில்தான் ஸ்குவாஷ் முதலில் சேர்க்கப்பட்டது. அதற்காகக் கட்டிய வசதிகளை அரசு கையில் வைத்துக்கொண்டதால் டின்சத்தம் சொன்ன ஆஸ்திரேலிய விபத்து இங்கே நேரவில்லை.

---

மரத்தரை

இந்தியாவும் அந்த வழியில்தான், ஆனால் ஒற்றைக் காலில். சென்னையில் அகாடமி வந்த பிறகு 2002-ல் உலக ஜூனியர், 2007-ல் உலக அணிப் போட்டி அங்கேயே நடந்தது. கொல்கத்தாப் பையன் சவ்ரவ் கோஷல் சென்னைக்கு வந்து பயின்றார். ஜோஷ்னாவும் தீபிகாவும் ஒரே ஊர், 2014 கிளாஸ்கோவில் காமன்வெல்த் இரட்டையர் தங்கம். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசியப் போட்டியில் ஆண்கள் அணித் தங்கம். ஹாங்ஜோ இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்றது அபய் சிங் ஐந்தாவது கேமை 12-10 என்று பிடித்ததால். 2025 டிசம்பரில் சென்னையில் உலகக் கோப்பை, இறுதியில் ஹாங்காங்கை 3-0.

இப்போது சங்கடத்தைச் சொல்கிறேன். இந்த வரலாற்றில் பெரும்பகுதி ஒரே ஊரின் ஒரே மையத்தைச் சுற்றியது. பம்பாயும் டெல்லியும் கல்கத்தாவும் பழைய கிளப் கோர்ட்டுகள் வைத்திருந்தும் அவை உறுப்பினருக்குத்தான். எகிப்தில் இரண்டு ஊர், பல கிளப். இங்கே பல ஊர், ஒரு மையம். ஊர்களுக்கு இடையே தூரமும் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில். ஜூனியர் போட்டிக்கு ரயில் டிக்கெட்டும் பெற்றோர் விடுப்பும் வேண்டியிருக்கிறது.

---

பின்சுவர்

அதற்குத்தான் மண்டல வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு இரவு ரயில் தூரத்துக்குள் நான்கைந்து ஊர், ஊருக்குக் குறைந்தது மூன்று கோர்ட். மூன்று கோர்ட் ஏன் என்றால், 32 பேர் நாக் அவுட் போட்டியில் 31 ஆட்டம், தோற்றவர்களுக்கு ஒரு ஆறுதல் சுற்றும் வைத்தால் இன்னும் 15. 46 ஆட்டம், 40 நிமிடம் வீதம். மூன்று கோர்ட்டில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடிந்துவிடும். ஒரே கோர்ட்டில் 30 மணி நேரத்துக்கு மேல், வார இறுதியில் நடக்கவே நடக்காது.

---

டின்சத்தம்

கணக்கு சரி. கூடவே நடுவர்களையும் எண்ணுங்கள். ஜூனியர் போட்டியில் தோற்றவரே அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி சொல்லும் மார்க்கர் என்ற வழக்கம் நல்லதுதான், ஆனால் லெட்டா (ராலியை மறுபடி ஆடுவது) ஸ்ட்ரோக்கா (அடிக்க வேண்டியவருக்குப் புள்ளி) என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் விட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். குறைந்தது இதையாவது சொல்லிக் கொடுங்கள்: எதிராளி முன்சுவருக்கு நேராகப் போகும் பந்தின் வழியில் நின்றால் ஸ்ட்ரோக். பந்தை எட்டியிருக்க முடியும், ஆனால் அது ஜெயிக்கும் அடியாக இருந்திருக்காது, எதிராளி விலக முழு முயற்சி செய்தார் என்றால் லெட். எட்டவே முடியாத பந்துக்கு லெட் கிடையாது. மூன்று கோர்ட்டுக்கு இது தெரிந்த பெரியவர் ஒருவர் சுற்றி வந்தால் போதும்.

---

நடுக்கோடு

2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஸ்குவாஷை எடுத்துவிட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பதக்க வாய்ப்பைக் காட்டித்தான் பல நாடுகளில் அரசுப் பணம் வருகிறது. 2026-ல் அதற்கு மிஞ்சுவது ஐச்சி-நகோயா ஆசியப் போட்டி, அடுத்து 2028. ஒலிம்பிக்கில் ஒற்றையர் மட்டும், ஆண் 16, பெண் 16. இரட்டையரில் பதக்கம் வாங்கிப் பழகிய சங்கங்கள் அந்தப் பணத்தை எங்கே திருப்பப் போகின்றன என்று பார்க்க வேண்டும்.